நான்கு கை ரோபோவின் முதல் பந்தி

போன கார்த்திகைத் தீபத்துக்கு வந்திருந்தபோது என் நாத்தனார் கோமதி சொன்ன கதை இது.

அவர்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து முதலாளி சிதம்பரநாதன், பந்தி பரிமாற ஒரு ரோபோ வாங்கினார். அதற்கு நான்கு கை, நான்கிலும் கரண்டி, நெற்றியில் திருநீறு வேறு. தன் மகள் கல்யாணத்தன்று, அங்கே வெகுகாலமாகப் பரிமாறும் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்.

"பந்தி முடியதுக்குள்ள இதுகிட்ட ஒரு குறை காட்டு பாப்போம். இல்லைன்னா நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"சரி முதலாளி. நீங்களும் சம்பந்தியும் முதல் பந்தியில உக்காருங்க. அதுவே பரிமாறட்டும்."

ரோபோ ஒரு பருக்கை சிந்தாமல் சோறு வைத்தது. ஒரு கரண்டி விழுந்ததுமே சம்பந்தி மரியாதைக்குக் கையை மறித்து, "போதும், போதும்" என்றார். ரோபோ நகர்ந்துவிட்டது. சம்பந்திக்கு முன்னால் அள்ளிச் சாப்பிடலாமா என்று முதலாளியும் "போதும்" என்றார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சாம்பாருக்கும் அப்படியே, பாயசத்துக்கும் அப்படியே. சீக்கிரமே பந்தி முழுக்க வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சம்பந்தி முகம் சுண்டிவிட்டது.

"என்ன பேச்சி இது?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"நீங்க போதும்னு சொன்னதை அது நம்பிட்டு முதலாளி."

பேச்சியம்மா பாயச வாளியைத் தூக்கிவந்தாள். "அண்ணாச்சி, எங்க பொண்ணுக்காக ஒரே ஒரு கரண்டி."

"வேண்டாம்மா" என்றபடியே சம்பந்தி இலையை மறித்திருந்த கையை விலக்கிக்கொண்டார்.

அம்மன் புண்ணியத்தில் பேச்சியம்மா மறுநாளும் வேலைக்கு வந்தாள். ரோபோ இப்போது வாசலில் பன்னீர் தெளிக்கிறதாம்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது போதும் என்றால், இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்.