சுதர்சன் சாப்பிட வந்த ஞாயிறு

கொள்ளிடக் கரையில் வேதவல்லி ஒரு தியான இல்லம் நடத்திவந்தாள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். தியானம் பழக வருகிறவர்கள் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, தியானம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் கமலினி மட்டும் எழவில்லை. அவள் திருச்சியில் பல் மருத்துவர். அக்காவைவிடக் கொஞ்சம்தான் இளையவள். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். அன்று முகம் வாடியிருந்தது.

செல்போன் செயலி மூலம் அறிமுகமாகி இதுவரை சிலரோடு பழகியிருந்தாள். எல்லாம் அமர்க்களமாகத்தான் தொடங்கும். சில மாதங்களில் ஏனென்று தெரியாமலே அடங்கிப்போகும். இப்போது சுதர்சன். பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருவான். அவன் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டான். அடுத்த வாரம் அவனுடைய பெற்றோர் இவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

“சரியான ஆளான்னு எப்படிக்கா முடிவு பண்றது?”

“நாளைக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா,” என்றாள் வேதவல்லி.

மறுநாள் சுதர்சன் வந்தான். வந்த சற்று நேரத்திலேயே எல்லாருக்கும் வேண்டியவனாகிவிட்டான். கிணற்றடியில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்த மோட்டாரைத் தட்டி ஓடவிட்டான். சாப்பாட்டு வேளையில் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பரிமாறினான். விடியுமுன் எழுந்து மலை ஏறுவதில் இருக்கும் சுகத்தை அவன் வர்ணித்தபோது கமலினி தலையாட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் பெங்களூர்தான் என்று அவன் யாரிடமோ சொன்னபோதும் தலையாட்டினாள். அவனுடைய வேடிக்கைப் பேச்சுக்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் கிளம்பிப் போனதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேதவல்லி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கமலினி பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள்.

“எப்படிக்கா இருக்கார்?”

“தங்கமான பிள்ளை. எனக்கு ரொம்பப் பிடிச்சுது.”

“அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கு இல்ல? உங்களுக்கு எப்படித் தோணுது?”

வேதவல்லி கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவர் உன்னை எங்கே பார்த்தார்? நீயும் வருவேன்னு நினைச்சு, மத்தியானம் பூரா நானும் வாசலையே பார்த்துட்டிருந்தேன்.”

கமலினிக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் கோபம் வடிந்துவிட்டது. அப்புறம் பயம் வந்தது. உள்ளதைச் சொல்லி இவனும் போய்விட்டால்? முன்னால் வந்தவர்களிடமும் இந்தப் பயத்தில்தான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றிருந்தாள். அப்படியும் அவர்கள் யாரும் நிலைக்கவில்லையே என்று பிறகுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம், பெங்களூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவனை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வரச் சொன்னாள். மலை என்றாலே தனக்கு ஆகாது என்றாள். முழங்கால் வலிக்கும், அதிகாலையில் எழுவதென்றால் அழுகையே வரும். மலை உச்சியில் நிற்கும் படத்தைச் செயலியில் போட்டது எல்லாரும் போடுகிறார்களே என்றுதான். அந்த உச்சி வரைக்கும் காரில் போயிருந்தாள்.

சுதர்சன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“அந்தப் படத்தைப் பார்த்துட்டு, உனக்காகத்தான் நான் மலையேற ஷூவே வாங்கினேன்.”

கமலினி சிரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சுதர்சன் அந்தச் சிரிப்பை முதல்முறையாகக் கேட்டான். அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தத் தைரியத்தில் மற்றதையும் சொல்லிவிட்டாள். கிளினிக்கை மூடிவிட்டு அவளால் பெங்களூருக்கு வர முடியாது. இதற்கு அவன் சிரிக்கவில்லை. என் வீட்டில் எல்லாம் பேசி முடித்த பிறகு இப்போது வந்து சொல்கிறாயே என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான். அவள் மன்னிப்புக் கேட்டாள், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. வாக்குவாதத்தில் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறும்போது, யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

காலையில் அவனே போன் செய்தான். சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஆனால் குரலில் சூடு இல்லை. இப்போதைக்கு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தான். பெங்களூருக்கு வரமுடியாது என்றால் வேறு என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டான். போனை வைப்பதற்கு முன்னால், கேட்காமலே தானும் ஒன்றை ஒப்புக்கொண்டான். மோட்டார் ரிப்பேரெல்லாம் அவனுக்குத் தெரியாது. சும்மா தட்டினான், அதுவாக ஓடிவிட்டது.

கிளினிக் திறப்பதற்கு முன்னால் கமலினி கொள்ளிடக் கரைக்கு ஓடிவந்தாள். வேதவல்லி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொல்லாமல் போனதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மோட்டார் விஷயத்தைச் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிடலாமாக்கா? இத்தனை மாசம் பழகியாச்சே.”

வேதவல்லி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“எங்கே பழகினீங்க? ரெண்டு பேரும் நேத்து சாயங்காலம்தானே முதல்முதலா சந்திச்சிருக்கீங்க.”