மூன்று தலை மிஞ்சிய பவளம்

தெய்வநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குரு ஹமீதாவுக்கு முப்பத்தெட்டு. சிங்கப்பூர் ஈசூன் பகுதியில் ஹமீதா கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கடல்மீனும் உயிருள்ள பவளமும் விற்கும் கடை வைத்திருந்தார்.

கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த தெய்வநாயகம் முதன்முதலில் அந்தக் கடைக்கு வந்தபோது அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குடியை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஹமீதா மீன் விற்கவில்லை.

"ஆறு வாரம் உப்புத் தண்ணியை மட்டும் தொட்டியில ஓடவிடுங்க அங்கிள். அப்புறம் வாங்க."

"வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காரணுமா? உத்தரவு, குருவே!"

கிண்டலாகத்தான் சொன்னார். கிண்டல் சில மாதங்களில் தேய்ந்தது. குரு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

குடிக்காமல் ஒரு வருடம் முடிந்த அன்று ஹமீதா அவருக்கு ஒரு ஹேமர் பவளம் கொடுத்தார். ஒற்றைத் தலை. பச்சை இழைகள் ஒவ்வொன்றின் நுனியும் குட்டிச் சுத்தியல் போலிருக்கும். அடுத்த ஐந்து வருடத்தில் அது பதினோரு தலையாகக் கிளைத்தது. தெய்வநாயகம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேரப்பிள்ளையைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் மனைவி கமலவேணி கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"பதினொண்ணுல மூணுதாம்மா மிச்சம். அதுவும் போச்சுன்னா இவரு கீழ போயிடுவாரு."

கீழே என்றால் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் காப்பிக் கடை. அங்கே பியர் கிடைக்கும். அந்தக் கடையின் பக்கம் திறக்கும் மின்தூக்கியைத் தெய்வநாயகம் பயன்படுத்துவதே இல்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்குவார்.

பிற்பகலில் ஹமீதா ஒரு பிளாஸ்டிக் பையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். பைக்குள் தண்ணீரில் இரண்டு சிறிய சிவப்புக்கோட்டு இறால்கள் இருந்தன.

தொட்டியின் மணல்மீது பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம், அதில் சின்னச் சின்னக் குமிழிகள். பாறையெங்கும் கண்ணாடிபோல வெளிறிய குட்டிப் பூக்கள், பவளத்தைக் கொட்டிக் கொல்லும் களை உயிர்கள். மருத்துவமனைத் தட்டில் வைத்ததுபோல செத்த எட்டுத் தலைகளின் வெள்ளை எலும்புகள். அவற்றின் ஓரத்தில் மூன்று தலைகள் உள்ளிழுத்துச் சுருங்கிக் கிடந்தன.

தெய்வநாயகத்தின் வலது சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது. முழங்கை ஈரம்.

"கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்துல என் கையப் புடிச்சதைவிட இந்தத் தொட்டிக்குள்ள கை விட்டதுதான் ஜாஸ்தி" என்றார் கமலவேணி.

"நீ சும்மா இரு. குருவே, எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியல. எல்லாமே எழுதிவச்சிருக்கேன்."

பட்டறைப் பழக்கம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஹமீதா நின்றபடியே அங்கங்கே புரட்டிப் படித்தார்.

ஏப்ரல் மூன்று: பாறையில் பச்சைப் பாசி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நான்கு: பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்து போட்டேன். ஒன்பது: பாஸ்பேட் பூஜ்யம், பாசி ஒழிந்தது. இருபது: மணலில் பழுப்பு வழவழப்பு, உறிஞ்சி எடுத்தேன். இருபத்தொன்று: மறுபடி எடுத்தேன். இருபத்திரண்டு: மருந்தை இரட்டிப்பாக்கினேன். மே ஒன்று: கண்ணாடிப் பூ ஒன்று கண்டேன், பிளேடால் சுரண்டினேன். மே பன்னிரண்டு: கண்ணாடிப் பூ நாற்பதுக்கு மேல்.

"பிளேடாலயா?"

"வேரோட எடுத்துட்டேன்னு நினைச்சேன்."

"ஒரு துணுக்கு விழுந்தாப் போதும், அது தனியா முளைக்கும். நீங்க ஒண்ணை நாப்பதா நட்டிருக்கீங்க."

தெய்வநாயகம் தலையைச் சொறிந்தார்.

"பழுப்பு?"

"பாஸ்பேட்டுதான் பாசிக்குச் சோறு. அதைப் பூஜ்யமாக்கிட்டீங்க. பச்சைப் பாசி பட்டினியில செத்துச்சு. பவளமும் பட்டினி. யாருக்கும் சோறு இல்லாத எடத்துலதான் இந்தப் பழுப்பு குடியேறும்."

"அதுக்கு என்ன மருந்து?"

ஹமீதா நோட்டை நீட்டினார்.

"இதுல எதுவுமே எழுதாத ஒரு நாளைக் காட்டுங்க."

தெய்வநாயகம் முன்னும் பின்னும் புரட்டினார். இரண்டு முறை புரட்டினார். பிறகு மூடிவைத்தார்.

"சரி, இப்ப தொட்டிக்குள்ள கை விடுங்க."

"எதுக்கு?"

"தினம் விடுறீங்கள்ல? விடுங்க."

கையை விட்டார். மீன்கள் பாறைக்குப் பின்னால் ஒதுங்கின. மூன்று தலைகளும் இன்னும் ஒடுங்கின. ஹமீதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டு வந்து உக்காருங்க."

இருவரும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கமலவேணி தேநீர் கொண்டுவந்தார். தேநீர் ஆறியது. நடுவில் இரண்டு முறை தெய்வநாயகம் எழுந்தார். இரண்டு முறையும் ஹமீதா நாற்காலியைக் காட்டினார். ஒரு தலையிலிருந்து முதலில் நான்கைந்து பச்சை நுனிகள் தெரிந்தன. பிறகு மற்றவை. மூன்றும் இழைகளை நீட்டி ஆடத் தொடங்கியபோது ஹமீதா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு மணி பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை விடுவீங்க?"

"ஏழு... எட்டு."

"விரிஞ்சு வெளிச்சத்தை வாங்கினாத்தான் அதுக்குச் சோறு. விளக்கு எரியறது பத்து மணி நேரம். அது எப்ப சாப்பிடும்?"

தெய்வநாயகம் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கினார்.

ஹமீதா எழுந்தார். அலமாரியிலிருந்த மருந்துப் புட்டிகளைத் தன் பைக்குள் போட்டார். பதினான்கு. பிளேடையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டார். வடிகட்டிக்குள் கிடந்த உறிஞ்சும் மருந்தையும் பிரித்தெடுத்தார். இறால்களைத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்கி, மெல்ல உள்ளே விட்டார்.

"கண்ணாடிப் பூவை இதுங்க தின்னும்."

"எப்ப?"

"பசிக்கும்போது."

"திங்கலேன்னா?"

"சில இறால் திங்காது. அப்ப வேற பாப்போம். ஆவியாகுற அளவுக்கு நல்ல தண்ணி தொட்டியோட பின்பக்கத் தடுப்புல ஊத்துங்க. மீனுக்குத் தீனி போடுங்க, கொஞ்சம் கூடவே போடுங்க. வேற ஒண்ணும் வேணாம். ஒரு மாசத்துக்குக் கை உள்ள போகக் கூடாது."

"பழுப்பு இன்னும் பரவினா?"

"பரவும். பாருங்க."

"பவளம் செத்துட்டா?"

"சாகலாம்."

கமலவேணி சமையலறை வாசலில் அசையாமல் நின்றார்.

தெய்வநாயகம் தன் கைகளை மடியில் விரித்துப் பார்த்தார்.

"கண்ணு முன்னாடி இருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும். தொடக் கூடாதுன்னா எப்படி? குருவே, இந்தக் கை ரெண்டும் என் பேச்சைக் கேக்காது."

ஹமீதா பையைத் தோளில் மாட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"கீழ காப்பிக் கடையில நீங்க கடைசியா உக்காந்து எவ்வளவு நாளாச்சு அங்கிள்?"

"ஆறு வருஷம். நாலு மாசம்."

"அதுல ஒரு நாளாவது கடை மூடியிருந்துச்சா?"

ஹமீதா மின்தூக்கிக்குப் போய்விட்டார்.

தெய்வநாயகம் நாற்காலியை விட்டு எழவில்லை. வெகுநேரம் கழித்து, சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.