நீலவேணிக்கு முன்னால் இரண்டு எழுத்து

கடல்முனையில் மூடிக்கிடந்த சிக்னல் நிலையத்தில் பிரகாசியம்மாள் தனியாக இருந்தாள். ஒரு காலத்தில் கப்பலில் ரேடியோ ஆபரேட்டர். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்தவள். அவளைத் தேடிவந்து சீடரான ததேயுஸ் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபத்தாறு வருடம் கப்பல் கேப்டனாக இருந்தவர்.

வந்து எட்டு மாதம் ஆகியும் அவர் தன்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் உச்சிப்பொழுதில் கடல்மூட்டம் இறங்கியது. பத்தடி தள்ளியிருந்த கிணறு மறைந்துபோனது. தண்ணீர் இறைக்கப் போன ததேயுஸ் அப்படியே நின்றார். கடல் பக்கமிருந்து எஞ்சின் சத்தம். மெதுவாக, ஒரே சீராக.

உள்ளே ஓடினார். மூலையில் இருந்த பழைய ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றி வருடக்கணக்காகிறது. அது பேசிக்கொண்டிருந்தது.

"எம்.வி. நீலவேணி... எம்.வி. நீலவேணி..."

"அம்மா, உங்களுக்கும் கேக்குதா?"

இல்லை என்று சொல்லிவிடமாட்டாளா என்றிருந்தது அவருக்கு.

"கேக்குது. போன மூட்டத்துலயும் கேட்டுச்சு. உங்க கப்பலா?"

ததேயுஸ் தரையில் உட்கார்ந்தார்.

"அது மூழ்கிப் பதினோரு வருஷம் ஆச்சும்மா. இன்னும் எதுக்கு அதுக்கு அந்த எம்.வி.ங்கிற ரெண்டு எழுத்து?"

"அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

"மோட்டார் வெசல். மோட்டார்ல ஓடுற கப்பல். அந்தக் காலத்துல நீராவியில ஓடினதுக்கு எஸ்.எஸ்.னு போட்டாங்க. எது ஓட்டுதோ அதைப் பேருக்கு முன்னாடி சொல்றது வழக்கம்." அவர் குரல் உயர்ந்தது. "இதுக்குத்தான் மோட்டாரே இல்லையே! எரிஞ்சு கடலுக்கு அடியில கிடக்கு!"

"அப்ப இதை எது ஓட்டுது?"

சத்தம் நெருங்கியது.

"எப்படி எரிஞ்சுது?" என்றாள்.

"எஞ்சின் ரூம்ல தீ. எல்லாரும் மேல வந்துட்டாங்க, ஒருத்தனைத் தவிர. இன்னும் பொறுத்திருந்தா இருபத்திரண்டு பேரும் போயிருப்போம். கதவையெல்லாம் அடைச்சு, தீயணைக்கிற வாயுவைத் திறந்துவிடச் சொன்னேன். அதுக்குள்ள மனுசன் மூச்சுவிட முடியாது. இருந்தும் தீ அடங்கலை. நாங்க படகுல இறங்கிட்டோம். கப்பல் போயிருச்சு."

"விசாரணையில?"

"என் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க."

"அந்த ஒருத்தர் யாரு?"

"மூணாவது எஞ்சினியர்."

"அது அவர் பார்த்த வேலை. பேரு?"

ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. டீசல் வாடை அறைக்குள் நிறைந்தது.

"சந்தியாகு" என்றார் கடைசியில். "கதவை அடைச்ச பிறகு உள்ள இருந்து தட்டினான். எனக்குக் கேட்டுச்சும்மா. பக்கத்துல நின்னவன் என்ன சத்தம்னு கேட்டான். இரும்பு சூட்டுல விரியுதுன்னு சொன்னேன். விசாரணையிலயும் அதையே சொன்னேன்."

பிரகாசியம்மாள் எழுந்து ரேடியோவின் மைக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என்கிட்ட சொன்னது போதும். அங்க சொல்லுங்க."

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"சந்தியாகு, கேப்டன் பேசுறேன். நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

ரேடியோ அடங்கியது. எஞ்சின் சத்தம் மட்டும் அடங்கவில்லை. இப்போது அது மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"சொல்லிட்டேனேம்மா" என்றார் ததேயுஸ். "இன்னும் ஏன் நிக்கலை?"

பிரகாசியம்மாள் அரிக்கேன் விளக்கை ஏற்றினாள். கதவை அகலத் திறந்து, மூட்டத்துக்குள் தெரியும்படி வாசல் ஆணியில் மாட்டினாள்.

"எதுக்கு நிக்கணும்? அன்னைக்குக் கதவைத் தட்டினவர் கரைக்கு வரட்டும்."