தண்ணீர் கேட்ட கால்

அந்தக் காலத்தில், மேகமும் நண்டும் மனிதனும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட காலத்தில், ஒரு சாயங்காலம் வெக்கை வந்து வேம்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றது.

வேம்பன் கொத்தனார். அப்போதுதான் வேலை முடித்து வந்து கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மகள் பவழம், இன்னும் நடக்கப் பழகாத பிள்ளை, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“பொழுது போயிடுச்சு. வீட்டுக்குப் போ” என்றான் வேம்பன்.

“எந்த வீட்டுக்கு?” என்றது வெக்கை.

அப்போதெல்லாம் வெக்கைக்கு வீடு இருந்தது. பகல் முழுக்க ஊர் மேல் நின்று நெல்லைக் காய வைக்கும், துணியைக் காய வைக்கும், கருவாட்டைக் காய வைக்கும். பொழுது சாய்ந்ததும் கூலி முடிந்த ஆளைப் போல ஏரிக்குப் போய், ஒரு முங்கு முங்கி, சேற்றில் படுத்துவிடும். விடிகிறவரை ஊர் குளிர்ந்து கிடக்கும். விசிறி என்ற ஒன்றை யாரும் செய்யவே இல்லை. எதற்குச் செய்யவேண்டும்?

“ஏரிக்குப் போயேன்.”

“போயிட்டுத்தான் வரேன். முங்கலாம்னு குதிச்சேன். நெத்தி கல்லுல இடிச்சுக்கிச்சு. பாரு, எப்படி வீங்கியிருக்குன்னு.”

வேம்பன் பார்த்தான். வீங்கித்தான் இருந்தது. அந்தக் கல்லைப் பாவியது அவன்தான்.

“யாருய்யா வாசல்ல?” உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி அங்காயி கேட்டாள்.

“வெக்கை.”

“இந்நேரத்துக்கு அதுக்கு இங்க என்ன வேலை? புள்ள வெந்துகிட்டுக் கெடக்கு, தொரத்து அத!”

“படுக்க எடம் இல்லயாம்.”

“அதுக்கு? நம்ம பாயிலயா படுக்க வெக்கணும்?”

“பாய் வேணாம் தாயி. செவுரே போதும்” என்று சொல்லிவிட்டு, யார் பதிலுக்கும் காத்திராமல் வெக்கை சுவருக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. சுவர் சுட்டது. விடியும்வரை சுட்டது. பவழம் விடியும்வரை அழுதாள்.

ஏரி எங்கே போனது என்று கேட்டால், அது வேம்பன் செய்த வேலை. வேண்டுமென்று செய்ததும் இல்லை. முதலில் ஏரிக்கரையில் சில குடிசைகள்தான் இருந்தன. கல்லும் சுண்ணாம்பும் வைத்து வீடு கட்டத் தெரிந்த முதல் ஆள் வேம்பன். அவன் கட்டிய வீட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அதே போல் ஒன்று வேண்டும். பார்க்காதவர்களும் கேள்விப்பட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். கரையில் இடம் தீர்ந்துபோனது. வேம்பன் மரியாதையான ஆள், ஏரியிடமே போய்க் கேட்டான்.

“கட்டிக்கோ. நம்பி வர்ற சனம் வேற எங்க போகும்? ஆனா எனக்கு ஒரு கால் விட்டு வை” என்றது ஏரி.

“சரி” என்றான் வேம்பன்.

கோளாறு இந்த இடத்தில்தான். தண்ணீரின் பேச்சில் கால் என்றால், தான் நடந்து போகிற வாய்க்கால். ஏரி நிரம்பினால் கடலுக்குப் போக ஒரு வழி வேண்டுமே, அதைத்தான் கேட்டது. ஆனால் வேம்பன் காலையிலிருந்து சாயங்காலம்வரை, “சுண்ணாம்பு கால், மணல் முக்கால்!” என்று கத்திக்கொண்டே கலவை போடுகிறவன். அவன் காதில் கால் என்றால் கால் பங்கு. முக்கால் ஏரி ஊருக்கு, கால் ஏரி ஏரிக்கு. நியாயமாகப் பிரித்துவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எந்தக் கால் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதோடு விட்டானா? ஏரியிலிருந்து கடல் பக்கம் நீளமாக, சமமாக, ஆளில்லாமல் ஓர் இடம் கிடந்தது. அட, மேடு பள்ளமே இல்லையே என்று அதன் மேலேயே குறுக்காகத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டான். வாய்க்கால் வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கு விட்ட கால் பங்கும் நிலைக்கவில்லை. கால் அரைக்கால் ஆனது. அரைக்காலும் பாதியாகி மாகாணி ஆனது. அந்த மாகாணியும் ஒரு நாள் சடையன் என்பவனின் மாட்டுக்கொட்டில் ஆனது. ஏரி எதுவும் சொல்லவில்லை. வாய் மேல் மாடு படுத்திருக்கும்போது என்ன சொல்லும்?

வெக்கை சுவரில் படுத்த மறுநாள் வேம்பன் வேலைக்குப் போகவில்லை. அவன் சுபாவம் அப்படி, ஒன்று புரியாவிட்டால் அதை விடமாட்டான். சுவரில் காதை வைத்துப் பார்த்தான். கையை வைத்துப் பார்த்தான். வெயில் ஏறியதும் வெக்கை எழுந்து சோம்பல் முறித்தது. பின்னாலேயே போனான்.

“எங்க போற?”

“மேல.”

“மேல என்ன இருக்கு?”

“என்ன இருக்கோ. கீழ எடம் இல்லாதவன் மேலதான போகணும்?”

வேம்பன் மச்சு மேல் ஏறிப் பார்த்தான். அவன் வீட்டுச் சுவரிலிருந்து மட்டும் இல்லை, ஊரில் உள்ள எல்லாச் சுவரிலிருந்தும், கல் பாவிய எல்லாத் தரையிலிருந்தும், சோற்றுப் பானையின் மூடியைத் தள்ளும் ஆவி போல வெக்கை கிளம்பி ஒன்றாகச் சேர்ந்து மேலே போனது. அந்தப் பக்கமாக மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அப்போது மேகத்துக்கு ஒரு முறை உண்டு. காட்டுக்கு ஒரு கை, வயலுக்கு ஒரு கை, ஊருக்கு ஒரு கை என்று தெளித்துக்கொண்டே போகும். பந்தி பரிமாறுகிறவர்களைப் போல யாரிடமும் நிற்காது.

வெக்கை அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

“விடு. வயக்காட்டுல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றது மேகம்.

“என்னைய நனைச்சிட்டுப் போ.”

“ஒரு கை தெளிக்கறேன், ஆள விடு.”

“ஒரு கையா? எனக்கு ஏரியே போச்சு!”

விடவில்லை. கீழேயிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. மேகம் ஏறியது, மலை மேல் மலை வைத்த மாதிரி உயர்ந்தது, அடி வயிறு கறுத்தது. வயல்கள் தூரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. வேம்பனுக்கு வாய் மூடவில்லை. ‘ஓகோ, இப்படித்தானா? இது தெரியாமலே இத்தனை நாள் நனைஞ்சிருக்கோமே!’ என்று சந்தோஷம் வேறு.

மேகம் குனிந்து கூப்பிட்டது. “ஏ கொத்தனாரே! இது என்னைய விடமாட்டேங்குது. மொத்தத்தையும் இங்கதான் கொட்டணும்போல. கீழ தண்ணிக்குக் கால் இருக்கா?”

“இருக்கு, இருக்கு!” என்று வேம்பன் கத்தினான். அவன் நினைத்தது அந்தக் கால் பங்கை. அதில் மாடு கட்டியிருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாயில் அதுதான் வந்தது.

“பொய்!” என்று கீழேயிருந்து ஒரு குரல்.

அது நண்டு. வாய்க்காலில் குடியிருந்த நண்டு. மேலே வீடு வந்த பிறகும் அடுப்புக்குக் கீழேயே கிடந்தது. அங்காயி விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி விடுவாள், திரும்பித் திரும்பி வந்துவிடும்.

“எட்டுக் கால் வெச்சிருக்கறவன் நானு. கால் பத்தி எங்கிட்டயே கதை விடறியா? அது கேட்டது பங்கு இல்லய்யா, பாதை! கடலுக்குப் போற பாதை. அது எங்க இருக்கு தெரியுமா? உன் அடுப்புக்கு அடியில.”

வேம்பன் மச்சிலிருந்து இறங்கினான். ஏரி சொன்னது அப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. முகம் செத்துப்போனது.

“இப்ப என்ன செய்ய?”

“கெழக்குச் செவுத்த இடி. தண்ணி உன் வீட்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கமா கடலுக்குப் போயிடும். ஊரு தப்பிக்கும். சீக்கிரம், மேகத்துக்கு இனிமே தாங்காது.”

வேம்பன் அந்தச் சுவரைப் பார்த்தான். ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டுக் கடைசியில் தனக்கென்று கட்டியது. அதுவரை அங்காயி வேலை நடந்த இடங்களில் மரத்தடியில்தான் படுத்திருந்தாள். பவழம் பிறந்ததே ஒரு புளிய மரத்தடியில்.

அங்காயி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “இடிச்சுத் தொலைய்யா. நீதான கொத்தனாரு? மறுபடி வேற எடத்துல கட்டிக்க வேண்டியதுதான்.”

வேம்பன் கடப்பாரையை எடுத்தான். எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவருக்குப் போகவில்லை. தெருவுக்குப் போனான்.

“சடையா, நீ கொட்டில எடு, நான் செவுத்த இடிக்கறேன்.”

“மொதல்ல நீ இடி. நான் பாக்கறேன்” என்றான் சடையன்.

அடுத்த வீட்டில் கேட்டான். “நான் மட்டும் இளிச்சவாயனா? எதிர் வீட்டுல கேளு.” எதிர் வீட்டில், “உன் வீடுதான குறுக்க நிக்குது? எங்ககிட்ட எதுக்கு வந்த?” என்றார்கள். இடி இடித்தது. வேம்பன் திரும்பி வந்தான். கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டுக் கலவை போட ஆரம்பித்தான்.

“என்னய்யா பண்ற?” என்றாள் அங்காயி.

“வாசப்படிய ஒரு வரிசை ஏத்திட்டா தண்ணி உள்ள வராது.”

நண்டு தலையில் அடித்துக்கொண்டது. தலை என்று தனியாக ஒன்று இல்லாததால் முதுகில் அடித்துக்கொண்டது.

வேம்பன் படியை ஏற்றுவதைச் சடையன் பார்த்தான். அவனும் ஏற்றினான். அவனைப் பார்த்து அடுத்தவன். கொஞ்ச நேரத்தில் தெருவில் எல்லாப் படியும் உயர்ந்து நின்றது. நடுவில் தெரு தொட்டியானது. அந்தத் தொட்டியில்தான் மேகம் இறங்கியது. காட்டுக்கும் வயலுக்கும் வைத்திருந்ததையும் சேர்த்து, மொத்தமாக.

தண்ணீர் தன் காலைத் தேடியது. ஏரிக்குப் போனது, கல். வாய்க்காலுக்குப் போனது, வீடு. வேம்பன் ஏற்றிய படி அதற்கு ஏறுவதற்கு வசதியாக இருந்தது. உள்ளே வந்தது. அங்காயி பவழத்தோடு ஆட்டுக்கல் மேல் ஏறி நின்றாள். பானைகள் கிளம்பிப் போயின. தண்ணீர் வேம்பனின் கணுக்காலைப் பிடித்தது.

“விடு! அது என் காலு!”

“ஊர் பூரா தேடிட்டேன். கால்னு சொல்லிக்க இங்க இதுதான் இருக்கு” என்றது தண்ணீர். ரொம்ப அமைதியாகச் சொன்னது. சொல்லிவிட்டு முழங்காலுக்கு ஏறியது.

தெருவில் வீட்டுக்கு வீடு கத்திக் கேட்டுக்கொண்டார்கள்.

“உங்க வீட்டுல எவ்வளவு?”

“கணுக்காலு! உங்க வீட்டுல?”

“முழங்காலு!”

இப்போது எல்லோருக்கும் எந்தக் கால் என்று தெரிந்திருந்தது.

வடிய நெடுநாள் ஆனது. சுவர் ஊறிக் குளிர்ந்து கிடந்ததால் பவழம் மட்டும் அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு ஒரு சாயங்காலம் வெக்கை வந்து, “செவுரு காஞ்சிடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தாள். நண்டு ஒரு கால் போய், ஏழு காலோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தது.

“இப்பவாச்சும்…” என்றது.

அங்காயி கடப்பாரையைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் போட்டாள். வேம்பன் அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய் உட்கார்ந்து, “சுண்ணாம்பு கால், மணல் முக்கால்” என்று முனகிக்கொண்டே படிக்கு இன்னொரு வரிசை வைத்தான்.

அன்று முதல்தான் நகரத்தில் பொழுது சாய்ந்தும் வெக்கை வீட்டுக்குப் போகாமல் சுவரிலேயே படுத்துக்கொள்கிறது. வயலுக்குப் போகிற மேகம் வழியில் மாட்டி ஊர் மேலேயே மொத்தத்தையும் கொட்டுகிறது. வருகிற தண்ணீர் முதலில் காலைப் பிடிக்கிறது. ஆட்கள் மழைக்கு மழை வாசற்படியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நண்டு சொன்னது ஒன்றே ஒன்று, கிழக்குச் சுவரை இடி என்று. வேம்பன் இடிக்கவில்லை.