சேற்றில் விழுந்த வெட்டுக்கிளி

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சுரபுன்னைக் காடு. அந்த மரங்களின் வேர்களுக்கு நடுவே வில்மீன்கள் வாழ்ந்தன. பேர்தான் வில்மீன். வில்லும் கிடையாது, அம்பும் கிடையாது. வாய் நிறையத் தண்ணீரை எடுத்து, மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மேல் 'சர்' என்று பீச்சும். பூச்சி தொப்பென்று விழும். லபக்கென்று விழுங்கும். அவ்வளவுதான் பிழைப்பு.

கூர்வாயன் என்கிற இளம் வில்மீன் அன்றுதான் வேட்டையைத் தொடங்கினான். தொடங்கியதே தாமதம். இன்னும் ஒரு மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் பூச்சிகள் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். உடம்பில் தெம்பு இருக்கும் மீன் எதிர்நீச்சல் போட்டுத் தாக்குப்பிடிக்கும். மெலிந்த மீனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிடும். போன மழையில் கூர்வாயனின் அண்ணன் அப்படித்தான் போனான். திரும்பி வரவே இல்லை.

முதல் நாள் இருபது தடவை பீச்சினான். இருபதும் வீண்! தண்ணீருக்குள்ளிருந்து சாய்வாகப் பார்த்தால் பூச்சி இருப்பது ஓரிடம், கண்ணுக்குத் தெரிவது வேறோர் இடம். பாவம், அது அவனுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து வேரில் வரிச்சி இருந்தாள். அவனோடு ஒரே நாளில் முட்டையிலிருந்து வந்தவள்.

"நேர் கீழே போய் நின்னு பாருடா! நேரா மேலே பார்த்தா கண்ணு ஏமாத்தாது," என்றாள். சொன்ன கையோடு தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்த ஈயை அடித்து விழுங்கியும் காட்டினாள்.

கூர்வாயனுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு சாணா? இதெல்லாம் ஒரு வேட்டையா? எம்பினாலே எட்டுமே!"

"எட்டினா எம்பிட்டுப் போறேன். வயிறு நிறையுதா இல்லையா?"

இதையெல்லாம் கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நண்டு. கொடுக்கன் என்று பேர். ஒரு கொடுக்கு சின்னது, ஒரு கொடுக்கு உடம்பைவிடப் பெரியது. அந்தப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டு சேற்றின் விளிம்புக்கு ஓடி வந்தது.

"தம்பி! உன் வாயைப் பார்த்தாலே தெரியுதே! இது பக்கத்துல அடிக்கிற வாயா? தூரத்துல அடிக்கிற வாய்! அதோ, கரை ஓரத்துக் கிளையில ஒரு வெட்டுக்கிளி இருக்கு பாரு. நாலு முழம் இருக்கும். இந்தக் காட்டுல அவ்வளவு தூரம் எவன் அடிச்சிருக்கான்?"

கூர்வாயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டும் கூட்டாளிகள். கூர்வாயன் தண்ணீரின் விளிம்பில் நின்று பீச்சுவான். கொடுக்கன் சேற்றில் நின்று, "இடப்பக்கம் போச்சு! இன்னும் மேலே! காத்து அடிக்குது, இரு!" என்று கத்தும். சும்மா சொல்லக்கூடாது, பையன் நன்றாகவே கற்றுக்கொண்டான். கண் காட்டும் இடத்தில் பூச்சி இல்லை என்று புரிந்துகொண்டான். தூரம் கூடக் கூடத் தண்ணீர் போகிற வழியிலேயே தாழ்கிறது, அதனால் குறியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தான். பத்தாம் நாள் நாலு முழத்தில் இருந்த வெட்டுக்கிளியை அடித்தே விட்டான்!

இறால்கள் எல்லாம் துள்ளிக் குதித்தன. "அடேங்கப்பா! நாலு முழம்! நாலு முழம்!"

வெட்டுக்கிளி சேற்றில் விழுந்தது. மீன் சேற்றில் ஏற முடியுமா? கொடுக்கன் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டது.

"அடடா, இங்க விழுந்துடுச்சே தம்பி! வீணாப் போகக் கூடாதேன்னு நான் எடுத்துக்கறேன். நீ அடுத்ததை அடி!"

அடுத்ததும் சேற்றில்தான் விழுந்தது. அதற்கு அடுத்ததும் அங்கேதான். கொடுக்கனின் ஓடு பளபளத்தது. கூர்வாயன் பசித்தால் ஓடி ஓடி இரண்டு கொசுப் புழுவைத் தின்றுவிட்டு வருவான். புகழ் வந்தபிறகு பசியை யார் பார்க்கிறார்கள்?

வரிச்சி மட்டும் ஒருநாள் எதிரில் வந்து நின்றாள். "விலா எலும்பு தெரியுதுடா உனக்கு. மழைக்குப் பத்து நாள்கூட இல்லை."

"பொறாமை! ஒரு சாண் தாண்டி உன்னால அடிக்க முடியலைன்னு பொறாமை!"

"சரி, அப்படியே வெச்சுக்கோ," என்று போய்விட்டாள். ஆனால் அவளுக்கு அழுகை வந்தது. அவனுடைய அண்ணன் அடித்துச் செல்லப்பட்டதை அவளும் பார்த்திருந்தாளே.

மறுநாள் மத்தியானம் காற்று கொஞ்சம் பலமாக வீசியது. கூர்வாயன் பொறுக்கவில்லை. பீச்சினான். குறி தவறி வெட்டுக்கிளியின் காலில் பட்டது. கால் ஒடிந்துவிட்டது. வெட்டுக்கிளி விழவும் இல்லை, பறக்கவும் இல்லை. இரண்டு குச்சிக்கு நடுவில் சிக்கிக்கொண்டு துடித்தது.

"போனா போகுது தம்பி! அடுத்த கிளையைப் பாரு!" என்றது நண்டு.

கூர்வாயனால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. வெட்டுக்கிளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மீனே, உனக்குப் பசியா?" என்று கேட்டது.

"ஆமா."

"நான் விழுந்திருந்தா என்னைத் தின்னிருப்பியா?"

கூர்வாயன் தயங்கினான். "இல்லை. நீ இருக்கிறது சேத்துப் பக்கம். அங்கே என்னால வர முடியாது."

"அப்புறம் எதுக்கு அடிச்சே?"

சாயங்காலம் எறும்புகள் வரிசையாக வந்து வெட்டுக்கிளியைச் சூழ்ந்துகொண்டன. கூர்வாயன் கடைசிவரை அங்கேயே நின்றான். வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் வரிச்சியிடம் போனான். "எங்கே நின்னா நேர் கீழேன்னு சொன்னே?" என்று கேட்டான். அவள் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று அவன் வரிச்சியின் பக்கத்தில் நின்று ஈ அடித்தான், கொசு அடித்தான். கொடுக்கன் கரையில் நின்று கொடுக்கை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. "தம்பி! நாலு முழத்து வீரனே! இங்க பாரு!" கூர்வாயன் திரும்பவில்லை.

ஆனால் கிடைத்தது ஏழே நாள். மழை பிடித்துக்கொண்டது. செம்மண் கலந்த வெள்ளம் வேர்களுக்கு நடுவே சுழித்துக்கொண்டு ஓடியது. கூர்வாயனும் வரிச்சியும் ஒரே வேரின் பின்னால் ஒதுங்கி, வாலை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் கூர்வாயனின் வால் தளர்ந்தது. இரண்டு தடவை பின்னுக்குப் போய்த் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தான். ஏழு நாள் தீனி எத்தனை நாளைக்குத்தான் காணும்? வரிச்சிக்கும் பலம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் மேலே ஒரு கிளையில் கொழுத்த பச்சைப்புழு ஒன்று தெரிந்தது. வெள்ளம் வருகிற பக்கம். சரியாக நாலு முழம்.

"அடிடா! உன்னால முடியும்!" என்று கத்தினாள் வரிச்சி.

கூர்வாயன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்தான். ஆனால் முதலில் புழுவைப் பார்க்கவில்லை. புழுவுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். அங்கே ஒரு சருகு மிதந்து வந்தது. அது வேரைச் சுற்றி எந்த வழியாக வருகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தான். சருகு அவர்களுடைய மூக்கை உரசிக்கொண்டு போனது.

காற்று வீசியது. கிளை ஆடியது.

"அடிக்கலையா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. அவனிடம் இன்னொரு தடவை பீச்சுவதற்குத் தெம்பு இல்லை. காற்று நிற்கட்டும் என்று வாலை அடித்துக்கொண்டே காத்திருந்தான். கிளை அசைவதை நிறுத்தியது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தை விட்டுவிட்டு, புழு உண்மையில் இருக்கும் இடத்தைக் கணித்து, குறியைக் கொஞ்சம் உயர்த்தினான்.

சர்!

புழு விழுந்தது. வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு, சருகு வந்த அதே வழியாக அவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தது. ஆளுக்கு ஒரு முனையைக் கவ்வி இழுத்துப் பாதிப் பாதியாகத் தின்றார்கள். மறுநாள் வெள்ளம் வடியத் தொடங்கியது. இரண்டு பேரும் அந்த வேரிலேயே இருந்தார்கள்.

வெயில் வந்ததும் கொடுக்கன் வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. மேலே வெட்டுக்கிளிகள் திரும்ப வந்திருந்தன.

"தம்பி! ஒண்ணே ஒண்ணு! உன் பேரைக் காப்பாத்திக்கோ!"

கூர்வாயன் கிளையைப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்த சேற்றையும் பார்த்தான்.

"அண்ணே, அது விழுற இடத்துல தண்ணி இல்லையே," என்று சொல்லிவிட்டுத் தன் வேருக்குத் திரும்பினான்.

நெடுந்தூரம் எய்யக் கற்கிறவன், எய்தது எங்கே போய் விழும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.