செத்தவள் எழுதிய சீட்டு

புயல் வந்தால் ஓடிப் புக அந்தக் கடலோரக் குப்பத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் கட்டடம்தான். அதன் சாவியோ ஊராட்சித் தலைவர் லூக்காஸின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. ஐப்பசி நெருங்க நெருங்க, இளைஞர் மீட்புக் குழுவின் தெல்மா சாவியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

“புயல் வரட்டும் பிள்ள, அப்பப் பாப்போம்” என்பார் தலைவர்.

புயல் ஒத்திகையைப் பார்க்க ஆட்சியர் வருகிறார் என்றதும் தலைவரே வேஷம் பிரித்துக் கொடுத்தார். அவரவர் நிலைமையைச் சீட்டில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும்.

“ஏ பிள்ள, நீ பிணம். பிணம் வாயைத் திறக்கப்பிடாது, ஆமா!”

“செத்தவ எங்க மாமா பேசப்போறா?”

ஆட்சியர் வந்தபோது பூட்டிய கதவின் முன்னால் தெல்மா நீட்டிப் படுத்திருந்தாள்.

“இந்தப் பொண்ணு எப்படிச் செத்தா?”

“அலை அடிச்சுங்கய்யா” என்று தலைவர் முந்திக்கொண்டார்.

ஆட்சியர் குனிந்து சீட்டைப் படித்தார்: ‘தெல்மா, வயது பத்தொன்பது. அலைக்குத் தப்பி ஓடிவந்தாள். கதவு பூட்டியிருந்ததால் வாசலிலேயே மரணம்.’

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆட்சியர் சிரிக்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே கூரை முட்டத் தலைவர் மகனின் சிமெண்டு மூட்டைகள்.

“இன்னிக்கே காலி பண்ணுங்க. சாவி இனி இளைஞர் குழுகிட்ட இருக்கட்டும்.”

தலைவர் தெல்மாவிடம் குனிந்தார். “எந்திரி தாயி, ஒத்திகை முடிஞ்சிருச்சு” என்று கெஞ்சினார்.

பிணம் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டியது. உள்ளங்கையில் சாவி விழுந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.