வேங்கை மரத்தின் மறுபக்கம்

ஆற்றங்கரைக் காட்டில் பொன்முதுகர் என்றொரு மரங்கொத்தி இருந்தார். காட்டுக்குத் தெரியவேண்டியதையெல்லாம் பருத்த வேங்கை மரத்தில் கொத்தி வெளியிடுவதுதான் அவர் வேலை. கொத்திய எழுத்தை அழிக்க முடியாது. அதனால் யோசித்து யோசித்துத்தான் கொத்துவார். அவர் பேரில் ஒரு சேதி வந்தால் புலிகூட நம்பும்.

அந்த மதிப்பு அவருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. எழுத்துகளை வேண்டுமென்றே பெரிது பெரிதாகக் கொத்துவார். வரி அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடும்.

"படிக்கிறவன் சுற்றி வந்து படிக்கட்டுமே! அறிவு என்ன, வாசல் தேடியா வரும்?" என்பார்.

இதற்கிடையில் காட்டில் எல்லோருக்கும் செல்போன் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படித்தான். பொன்முதுகர் மட்டும் வாங்கவில்லை.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு புதுத்தண்ணீர் குடித்துக் காடு முழுக்க வயிற்றுவலி. எட்டிக்காய் தின்றால் சரியாகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எட்டிக்காய் விஷம். பொன்முதுகர் பதறிப்போய், அலகு வலிக்க வலிக்கக் கொத்தினார்: "பொன்முதுகன் சொல்கிறேன், வயிற்றுவலிக்கு எட்டிக்காய் தின்னாதே!" முடித்ததும் களைப்பு தீரக் குளிக்கப் போனார்.

சொக்கி என்ற கிளி அந்தப் பக்கம் வந்தது. வேங்கைக்கு எதிர்க்கிளையில் உட்கார்ந்தபடியே ஒரு போட்டோ எடுத்தது. காட்டின் குழுவில் போட்டது. பிறகு கொய்யாப்பழம் தின்னப் போய்விட்டது.

போட்டோவில் மரத்தின் ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. "வயிற்றுவலிக்கு எட்டிக்காய் தின்" என்பதுவரை பளிச்சென்று தெரிந்தது. "னாதே" பின்பக்கம் இருந்தது.

பொன்முதுகர் குளித்துவிட்டுத் திரும்பும்போது அணில் செவந்தி எதிரே ஓடிவந்தாள். வாயில் ஒரு எட்டிக்காய்!

"ஏம்மா, அதைக் கீழே போடு!"

செவந்தி காயைக் கையில் எடுத்துக்கொண்டாள். "புள்ளைக்கு வயித்துவலி தாங்கல மாமா! நீங்க சொன்னதால நம்பி எடுத்துட்டுப் போறேன்!"

"நானா சொன்னேன்?"

அவள் போனைக் காட்டினாள். பொன்முதுகர் போட்டோவைப் பார்த்தார். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயர், ஒரு குட்டியின் வாயில் விஷத்தை வைக்கப் பார்த்திருக்கிறது. காயைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்.

"மத்தவங்க எங்கே?"

"எல்லாரும் எட்டி மரத்தடியிலதான் மாமா! கரடியண்ணன் ஒரு காயைக் கடிச்சுட்டுக் கசக்குதுன்னு துப்பிட்டாரு. மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்னு குரங்குங்க அவரைத் திட்டுதுங்க. இன்னொன்னு பறிச்சுக் கொடுக்குதுங்க!"

"ஐயோ! அந்தப் போனைக் கொடு!"

அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் அலகால் கொத்தினார். கண்ணாடி விரிசல் விட்டது. "அன்பார்ந்த வனவாசிகளே, முன்னர் வெளியான அறிவிப்பு முழுமையற்றது என்பதையும், மரத்தின் பின்புறத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதையும்..." என்று தொடங்கி மளமளவென்று கொத்தி அனுப்பினார்.

ஒருவரும் படிக்கவில்லை. முயல் ஒன்று மட்டும் கைகூப்பும் படம் போட்டது.

"இவ்வளவு நீளமா எழுதுனா யாரு மாமா படிப்பா?" என்றாள் செவந்தி.

பொன்முதுகர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சின்னதாகக் கொத்தினார்: "பரம ரகசியம். எட்டிக்காய் விஷம். இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்."

போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் எட்டி மரத்தடியில் கூச்சல் கேட்டது. குரங்குகள் காய்களை வீசிவிட்டு நாலு திசையிலும் ஓடின. கரடி ஆற்றில் இறங்கி வாயைக் கொப்பளித்தது.

கொஞ்ச நேரத்தில் சொக்கி மூச்சிரைக்கப் பறந்துவந்தது.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க! எட்டிக்காய் விஷமாம்!"

"அப்படியா!" என்றார் பொன்முதுகர். "யார் சொன்னது?"

"அதெல்லாம் யாருண்ணே பார்த்தா!"

பொன்முதுகர் சொக்கியைக் கூட்டிக்கொண்டு போய் வேங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "னாதே" எதிரில் வந்ததும் சொக்கி தன் போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அவரும் முதல்முறையாக ஒரு வாசகரைப் போல அந்த எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அவரும் எட்டிக்காயைத்தான் தின்றிருப்பார்.

அன்றிலிருந்து பொன்முதுகர் சின்ன எழுத்தில், ஒரே பக்கத்தில் கொத்துகிறார். சொக்கி மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போட்டோ எடுக்கிறது. எடுத்த போட்டோவை மறக்காமல் "யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறது.

நீதி: பாதியைப் படித்துப் பரப்புகிறவனும், பாதிதான் கண்ணில் படும்படி எழுதுகிறவனும் கூட்டுச் சேர்ந்தால், உண்மையே விஷமாகிவிடும்.